கீரைப் பாத்தியில் சிக்கரி

எங்கள் வீட்டில் நான் தோற்ற வழக்குகள் நிறைய. அவற்றில் ஒன்றை மட்டும் என் மனைவி இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பாதியில் நிறுத்தி, "மீதிய நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்புவாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காகவே திரும்புவாள். அதனால் ஒரு முறை முழுவதையும் எழுதிவைத்துவிடுகிறேன். இனி யாராவது வந்தால் இந்தக் காகிதத்தை நீட்டிவிடலாம்.

வழக்கு இதுதான்: சிக்கரி கீரையா, இல்லையா?

அப்போது கோலார் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு லேம்ப் ரூமில் வேலை. கீழே இறங்குகிறவர்கள் ஜன்னலில் டோக்கனை வைப்பார்கள். நான் தலையில் மாட்டும் விளக்கையும் இடுப்பில் கட்டும் பேட்டரியையும் எடுத்து நீட்டுவேன். ஷிப்ட் முடிந்தால் விளக்கு என்னிடம் வரும், டோக்கன் அவர்களிடம் போகும். பேச வேண்டிய தேவையே இல்லாத வேலை. அதனாலேயே எனக்கு அது பிடித்திருந்தது. கீழே போகிறவர்கள் என்னை விடமாட்டார்கள். "வெயிலு பாத்தவரே, சூரியன் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை வாங்குவார்கள். நான் சிரித்துவைப்பேன்.

ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்புப் பக்கம், கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால், குழாயடித் தண்ணீர் வழிந்து ஓடும் இடத்தில், இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு என் மனைவியின் கீரைப் பாத்தி. அரைக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் புளிச்சக்கீரை. அவள் குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது இங்கே யாரையும் தெரியாது. வீட்டுக்காரனும் பேசமாட்டான். அவள் ஒரு பிடி விதையைத் தூவினாள். கீரை முளைத்தது, கூடவே சிநேகமும் முளைத்தது. "ஒரு பிடி கிள்ளிக்கட்டுமா?" என்று வந்த பெண்கள் கிள்ளிய பிறகும் போகாமல் நின்று பேசினார்கள். நாளடைவில் லைனில் யார் வீட்டில் என்ன என்பதெல்லாம் அந்தப் பாத்தியில்தான் முடிவாயிற்று. ஆகவே அது வெறும் பாத்தியில்லை. அவளுடைய கச்சேரி.

அதில்தான் நான் பாதி கேட்டேன்.

காரணம் அவள் தம்பி. அவன் பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெரிய ஓட்டல்களுக்கு இங்கிலீஷ் காய்கறி பயிரிடும் தோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் சட்டைப்பையிலிருந்து சின்ன விதைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"மாமா, இது சிக்கரி."

"காப்பித்தூள்ல கலக்கறதா?"

"அது வேருக்கு வளக்கறது. இது தின்றதுக்கு. மொதல்ல கீர மாதிரி எல வரும். வேரு தடிச்சதும் புடுங்கி, எலைய அறுத்துட்டு, வேர மட்டும் பொட்டி மண்ணுல நட்டு இருட்டுல வெச்சிடணும். உள்ளருந்து வெள்ளையா ஒரு மொட்டு வரும் பாருங்க, வாழப்பூவ உரிச்சா கடசில ஒரு குருத்து வருமே, அப்படி! ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. பட்டா பச்சையாயிடும், கசக்கும்."

நாள் முழுக்க விளக்கு கொடுத்தே பழகியவன் நான். விளக்கே வேண்டாம் என்கிற ஒரு ஜீவன் இருக்கிறது என்றதும் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அதுவரை நான் எதையும் நட்டதில்லை. என் கையால் ஒன்று வரட்டுமே என்று தோன்றியது. மனைவியிடம் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தி ஓரமாக நின்றேன். அவள் புரிந்துகொண்டாள்.

"இன்னாங்க இது, புதுசா கீது?"

பொட்டலத்தைக் காட்டினேன். அவள் சட்டம் போட்டாள்.

"கீரப் பாத்தியில கீரதான் இருக்கணும். இது கீரன்னா இருந்துட்டுப் போவட்டும், பாதி பாத்திய நீங்களே வெச்சிக்குங்க. கீர இல்லன்னா பொங்கலோட முழுப் பாத்தியும் என்னுது. அப்புறம் மம்புட்டியத் தொடவே கூடாது."

"யாரு தீர்ப்பு சொல்றது?"

"நான்தான். வேற யாரு, கோலார் கோர்ட்டுலருந்து ஜட்ஜு வருவாரா?"

மழை ஓய்ந்ததும் விதைத்தேன். முளைத்தது. தண்டே இல்லாமல் தரையிலிருந்து கொத்தாக, முள்ளங்கி இலை போல நீண்டு வளர்ந்தது. லைன் பெண்கள் கச்சேரிக்கு வந்தபோதெல்லாம் ஆளுக்கு ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்கள். "காப்பி வாசனையே இல்லியே" என்று ஒருத்தி குறைப்பட்டாள். "வறுக்காம எப்படிடீ வரும்?" என்றாள் இன்னொருத்தி. கிள்ளிய இடத்தில் பால் வந்ததைப் பார்த்து மூன்றாமவள் கையை உதறி, "எருக்கம்பால் மாதிரி கீது, இத்தப் போயி திம்பாங்களா?" என்றாள். என் மனைவி நியாயமானவள். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டாள். பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்து, லைன் முழுக்க ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். கிண்ணங்கள் அன்றைக்குப் போல அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்ததே இல்லை. கழுவக்கூட வேண்டியிருக்கவில்லை, தொடாமலே வந்திருந்தன.

"பாவக்கா எங்க அக்கா, வேப்பங்கொழுந்து எங்க அண்ணன்னு சொல்லுது உங்க சிக்கரி" என்றாள் மனைவி.

"இத்த வளக்கறது மொட்டுக்குத்தான்... எலைக்கு இல்ல..." என்றேன்.

"பொங்கல் வரைக்கும் டைம் கீது. பாக்கலாம்."

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இது கீரைதான் என்று படித்தவர் யாராவது சொன்னால் தேவலை. எங்கள் லைனின் கடைசி வீட்டில் ஹைஸ்கூலில் அறிவியல் எடுக்கும் மிஸ் ஒருத்தர் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்த பெயரைக் காட்டி, என்ன வகை என்று கேட்டேன். கேட்பதற்கு முன் நான் அவர் வீட்டு வாசலைத் தாண்டித் தாண்டிப் போய்த் திரும்பியதை அவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது பிறகு தெரிந்தது.

மிஸ் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இதோட குடும்பம் சூரியகாந்திக் குடும்பம். சாமந்தி, லெட்டூஸ் எல்லாம் அதுலதான் வரும். அந்தக் குடும்பத்துல சிக்கோரியம்னு ஒரு வீடு. அந்த வீட்டுல இண்டிபஸ்னு ஒரு தாய். காப்பிக்கு வேர் குடுக்கறது, கோஸ் மாதிரி செவப்பா உருண்டையா ஒண்ணு, உங்க வெள்ள மொட்டு, எல்லாம் அந்த ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. எண்டைவ்னு ஒரு கீரை இருக்கு. அது அதே வீட்டுல வேற தாய்க்குப் பிறந்தது. பெரியம்மா பையன்னு வெச்சிக்குங்களேன்."

"ஒரே தாய் வயித்துல எப்படி மிஸ் இத்தினி விதம்?"

"ஏன், நம்ம லைன்ல இல்லியா? ஒரு அம்மாவுக்கு மூணு பையன். ஒருத்தன் அண்டர்கிரவுண்டு, ஒருத்தன் சர்ஃபேஸ், ஒருத்தன் ஃபேக்டரி. வளக்கற விதந்தான். வேருக்காக வளத்தா வேரு. எலைக்காக வளத்தா எல."

அப்படியானால் கீரைதானே என்று கேட்டேன். மிஸ் சிரித்தார்.

"கீரைங்கறது சமையல்கட்டு விஷயம் அண்ணா. தாவரவியல்ல கீரைக் குடும்பம்னு ஒண்ணு கிடையாது. முருங்கை ஒரு குடும்பம். புளிச்சக்கீரை செம்பருத்திக் குடும்பம். யாரு குடும்பமா இருந்தா என்ன, கடைஞ்சு தின்னா கீரைதான்."

எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. என் மனைவியின் பாத்தியில் இருக்கும் புளிச்சக்கீரையே செம்பருத்திக்கு உறவென்றால், சாமந்திக்கு உறவான சிக்கரி கீரையாக இருப்பதில் என்ன தடை? வழியெல்லாம் இதை வரிசைப்படுத்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் நுழைந்ததும் மனைவி, "மிஸ்ஸு இன்னா சொன்னாங்க?" என்றாள். பின்னால் மூன்று பெண்கள் கீரையும் கையுமாக நின்றிருந்தார்கள்.

"சாமந்திக்குச் சொந்தமாம்" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலு பேரும் சிரித்த சிரிப்பில் மீதி வாதம் எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

"அப்ப பூவு! தலயில வெச்சிக்கினு போங்க ட்யூட்டிக்கு" என்றாள் மனைவி.

மார்கழிக் குளிரில் வேர்களைப் பிடுங்கினேன். நன்றாகவே தடித்திருந்தன. இனி இருட்டு வேண்டும். லைன் வீட்டில் இருட்டுக்கு எங்கே போவது? தகரக் கூரையில் ஆணி போன ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு சூரியன். கட்டிலடியில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வெள்ளிக் காசு போல வெளிச்சம் வந்து விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கீழே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார். என்னைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுவதைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னா பங்காளி, உலகத்துலயே பெரிய இருட்டு நம்ம காலுக்குக் கீழ கீது. நீ கட்டிலுக்கு அடியில தேடற?"

சரிதானே என்று தோன்றியது. இப்போது நினைத்தால், வேறு எந்த ஊரில் ஒருவன் அதைச் சரியென்று நினைத்திருப்பான் என்று தெரியவில்லை. சுரங்கத்துக்குள் அதிக ஆழமில்லாத மேல் லெவல் ஒன்றில், வேலை முடிந்துபோன மூலை. குளிராது, கொதிக்கவும் கொதிக்காது. சொட்டுத் தண்ணீர் உண்டு. அவரே பலகையில் பெட்டி செய்து, ஆற்று மணல் நிரப்பி, வேர்களை நட்டு, மேலே சாக்கு போட்டு மூடினார். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டில், எங்கள் பேச்சில் கேஜில், அந்தப் பெட்டியும் ஏறியது.

"பொட்டில இன்னாடா?" என்று யாரோ கேட்டார்கள்.

"புது ஆளு. அண்டர்கிரவுண்டு டிரெய்னிங்."

"மேல வேல செய்றவரு பெத்த புள்ள கீழ வேலைக்கு வருது பாரு!"

அன்றிலிருந்து சிக்கரிக்குப் புது ஆள் என்றே பெயர். விளக்கைத் திருப்பித் தரும்போது பங்காளி தினமும் எனக்குச் சேதி சொல்லுவார். "புது ஆளு சௌக்கியம்." "புது ஆளு மூக்கு நீட்டுது." எனக்கு அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பதே பெருமையாக இருந்தது. பங்காளி காலையில் வரும்போது, "ஒரு ஸ்பேர் லேம்ப் குடு, என்னுது மங்குது" என்பார். பேட்டரி நன்றாக ஏறிய ஒரு கெட்டிக்கார விளக்காகப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். மறுநாளும் கேட்பார். மறுநாளும் கொடுப்பேன். ஏன் தினமும் மங்குகிறது என்று கேட்கலாம்தான். ஆனால் கேட்பதற்குப் பேச வேண்டுமே.

பொங்கல் நெருங்கியதும் பெட்டியை மேலே கொண்டுவரச் சொன்னேன். அங்கேதான் யாரும் நினைத்துப் பார்க்காத சிக்கல். பெட்டி உள்ளே போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. தங்கச் சுரங்கத்திலிருந்து ஒரு பெட்டி மண் வெளியே வந்தால்? கேட்டில் காவல்காரர் கையை நீட்டி நிறுத்தினார். இரண்டாம் ஷிப்ட் உள்ளே போகவும் முதல் ஷிப்ட் வெளியே வரவும் நிற்கிற நேரம். சுற்றிலும் கூட்டம்.

"ஏன்ரீ இது?" என்றார் கன்னடத்தில். என்ன இது என்று அர்த்தம்.

"கீரை சார்" என்றார் பங்காளி.

"காப்பி சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"புது ஆளு சார், மொத சம்பளம் வாங்கிக்கினு வீட்டுக்குப் போவுது" என்றது இன்னொன்று.

காவல்காரர் சிரிக்கவில்லை. "பொட்டி யாருது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் லேம்ப் ரூமிலிருந்து ஓடி வந்து நின்றுகொண்டிருந்தேன். "நீ சொல்லு. என்ன இது? கீரையா, காப்பியா?"

கீரை என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஊர் முழுக்கச் சாட்சி. வழக்கில் ஜெயித்திருப்பேன். ஆனால் காக்கிச் சட்டையைப் பார்த்ததும், உண்மை முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மிஸ் சொன்னதை ஆரம்பித்தேன்.

"சார்... சாமந்திக்குச் சொந்தம் சார்."

மீதி வழக்கம்போல வரவில்லை. கேட் அதிர்ந்தது. காவல்காரருக்கும் மீசைக்குக் கீழே சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணக் கொட்டிட்டு உன் சொந்தக்காரன மட்டும் எடுத்துக்கினு போ" என்று சொல்லி வழியைக் காட்டினார்.

சாக்கை விலக்கி மணலைக் கவிழ்த்தோம். பார்த்தால், உள்ளே எல்லாம் பச்சைப் பசேல். இலை விரித்து, தளதளவென்று, பாத்தியில் இருந்ததைவிட அழகாக.

"பாத்தியா பங்காளி, எப்படி வளத்தோம்!" என்றார் அவர், மார்பைத் தட்டாத குறையாக.

"எப்படிப் பச்சையாச்சு?" என்றேன்.

"பின்ன? பச்சப் புள்ளய இருட்டுல தனியா வுடுவோமா? நாங்க வேலையப் பாக்கப் போயிட்டா அதுக்கு யாரு கீறாங்க? ஒரு லேம்ப்ப ஏத்தி, சாக்கத் தூக்கிக் கட்டி, பக்கத்துலயே மாட்டி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போவோம். நீதான தெனம் ஸ்பேர் குடுத்த?"

நான்தான் கொடுத்தேன். தினமும், நல்ல விளக்காகப் பார்த்து. ஒரு பொட்டு வெளிச்சமும் படக்கூடாது என்று அவரிடம் வாயைத் திறந்து சொல்லாதவனும் நான்தான். இருட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இருட்டு என்றால் என்னவென்று தெரியும். அதில் ஒன்றைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வரவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து, கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பேசத் தெரியாததில் இப்படிச் சில நன்மைகளும் உண்டு.

வேர்களைத் துண்டில் கட்டும்போதுதான் பார்த்தேன். பெட்டியின் ஒரு மூலையில் சாக்கு மடிந்து கிடந்த இடத்தில், ஒன்றே ஒன்று, விரல் நீளத்துக்கு, நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் ஓடி, மூடின மொட்டாக வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர்களுடைய விளக்கிடமிருந்து தப்பியது.

நான் வீட்டுக்குப் போவதற்குள் கேட்டில் நடந்தது வீட்டுக்குப் போயிருந்தது. மனைவி வாசலிலேயே நின்றாள். பாத்திப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். பச்சையாகப் போனவற்றைக் கடைந்தாள். முன்னைவிட நன்றாகவே கசந்தது. பிறகு அந்த வெள்ளை மொட்டை எடுத்து ஒவ்வோர் இலையாகப் பிரித்தாள். சமைக்கவில்லை. உப்பைத் தொட்டு ஒன்றைக் கடித்தாள். வெள்ளரிப் பிஞ்சு கடிக்கிற சத்தம் கேட்டது. இன்னொன்றைக் கடித்தாள். எனக்கு ஒன்று கொடுத்தாள். மொறுமொறுவென்று, குளிர்ச்சியாக, கடைசியில் மட்டும் ஒரு சின்னக் கசப்பு.

"நல்லாத்தான் கீது" என்றாள்.

நான் மூச்சு விட்டேன்.

"ஆனா கீர இல்ல. கேட்டுல ஊரு கேக்க நீங்களே சொல்லிட்டீங்க, சாமந்திக்குச் சொந்தம்னு. உங்க வாயில வருஷத்துக்கு ஒரு வார்த்த வருது. அத்தயும் பொய்யின்னு நான் சொல்லலாமா? பாத்தி என்னுது."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. கசப்பு நாக்கை எழுப்பிவிட்டதோ என்னவோ. "உன் புளிச்சக்கீரகூடத்தான் செம்பருத்திக்குச் சொந்தம். முருங்க வேற குடும்பம். கீரைன்னு ஒரு குடும்பமே கெடயாது. கடைஞ்சு தின்னா எல்லாம் கீரதான்!"

பெண்கள் எல்லாரும் திரும்பி என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் புளிச்சக்கீரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"இத்தினி நாளா இத்த எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள். "தீர்ப்பு சொன்னப்புறம் சொல்றாரு பாரு வக்கீலு!"

தீர்ப்பு மாறவில்லை. பாத்தி அவளுக்கே போயிற்று. பொங்கல் கழிந்த கையோடு கொத்தி அரைக்கீரை விதைத்தாள். நான் மண்வெட்டியைத் தொடவில்லை. ஆனால் வெட்டிய வேர்களை நான் எறியப் போனபோது கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வேலியோரமாக ஒரே வரிசையாக நட்டாள்.

"கீர இல்லன்னு சொன்னியே?"

"கீர இல்ல. சொந்தம். சொந்தத்த ஓரமா வெச்சிக்கலாம், நடுவுலதான் வெக்கக் கூடாது. அதுவுமில்லாம, வெளிச்சத்துல நாலு பேரு பாத்தா கெட்டுப்போவுது, மூலையில வுட்டா நல்லா கீது. எந்தக் குடும்பம்னு மிஸ்ஸு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருடம் சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்டுக்குச் சங்கு ஊதுவது நின்றது. நான் லேம்ப் ரூமில் கடைசி விளக்கை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். விடிந்தால் எங்கே போவது என்று தெரியாமல் பின்பக்கம் போய் உட்காருவேன். அந்தக் கோடையில் வேலியோரச் சிக்கரி நெஞ்சு உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூத்தது. நீலப் பூ. சாமந்தி போலவே சுற்றிலும் இதழ். மிஸ் சொன்ன குடும்பத்தின் முகஜாடை. விடியற்காலையில் விரியும். வெயில் ஏறி மதியம் வரும்போது மூடிக்கொள்ளும். லைன் பெண்கள் அதற்கு முதல் ஷிப்ட் பூ என்று பெயர் வைத்தார்கள். மிஸ்ஸின் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்காது.

ஒரு நாள் காலையில் நான் பாத்தி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மனைவி கீரை கிள்ள வந்தாள். நடுப்பாத்தியிலிருந்து நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள்.

"ஊரே சும்மா கீது. இது மட்டும் கரெக்ட்டா ட்யூட்டிக்கு வந்துடுது பாருங்க" என்றாள். பிறகு பாத்தியில் கிடந்த மண்வெட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "சும்மா குந்திக்கினு இருக்காதீங்க. அந்த ஓரத்த இன்னும் ரெண்டு அடி கொத்திக் குடுங்க. உங்க சொந்தக்காரங்களுக்கு எடம் பத்தல."